வாக்குத்தத்த அட்டையில் விட்டுப்போன பாதி வசனம்

2018 டிசம்பர் 31 இரவு, எங்கள் ஊர்க் கோயிலில் (சர்ச்சைத்தான் நாங்கள் கோயில் என்போம்) புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல வாக்குத்தத்த அட்டைத் தட்டு சுற்றி வந்தது. பழக்கமில்லாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தட்டில் அட்டைகள் குப்புறக் கிடக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருடத்துக்கு நமக்கு அதுதான். அட்டை பீரோக் கதவில் ஏறும், குடும்பச் சண்டையில் சாட்சிக்கு வரும், சில வீடுகளில் நிலம் வாங்கலாமா வேண்டாமா என்பதைக்கூட அதுதான் முடிவு செய்யும்.

எனக்கு வந்ததில் "கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன், நெகேமியா 8:10" என்றிருந்தது. ஓரத்தில் ஒரு ரோஜாப்பூ.

என் கணவருக்கு டயாலிசிஸ் தொடங்கி அப்போது பதினோரு வாரம். கழுத்தில் சொருகிய குழாய் தெரியாமல் இருக்க மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் பக்கத்தில் இருந்த அக்காவுக்கு "வியாதியை உன்னிலிருந்து விலக்குவேன்" என்று வந்தது. அந்த அக்காவுக்குச் சளிகூடப் பிடிப்பதில்லை. தட்டு ஒரு ஆள் தள்ளி வந்திருந்தால் என்ன என்று கோயிலுக்குள்ளேயே எனக்கு எரிச்சல் பொங்கியது. அட்டையை வேதாகமத்தில் வைக்கவில்லை. பர்ஸில் பஸ் சில்லறையோடு போட்டேன்.

நான் சாத்தான்குளம் பக்கத்துக்காரி. பனையும் தேரி மணலும் உள்ள பூமி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக வேலை. அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். வருடக்கணக்கில் தலைவலி, கால் வலி என்று மருந்துக்கடையில் தானாக வாங்கி வலி மாத்திரை போட்டார். ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னால், "எனக்கு என்னட்டி, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார். ஒருநாள் முகமும் காலும் வீங்கி, சோறு குமட்டிப் போய்க் காட்டினோம். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) 9.8. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது ரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் பாருங்கள், வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி தின்னாதீர்கள். விசுவாசத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் இதை முதலில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். விடிவதற்கு முன்பே எழுந்து திருநெல்வேலிக்கு பஸ் ஏற வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செலவு அடங்கியது, அதற்கு என் ஸ்தோத்திரம் உண்டு. ஆனால் போகவர, ரத்தம் ஊறுகிற ஊசி, எனக்குச் சம்பளமில்லா லீவு என்று மற்றதெல்லாம் கையைக் கடித்தது.

அந்த முதல் ஆறு மாதத்தில் நான் செய்த பெரிய தப்பு, சந்தோஷமாக இருப்பதுபோல் நடித்தது. "விசுவாசி முகம் வாடக்கூடாதும்மா" என்று இரண்டு மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். சரி, வாடாத முகம் ஒன்றைத் தயார் செய்துகொண்டேன். யாராவது "வீட்ல எப்படி இருக்காங்க?" என்றால் "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்காங்க" என்பேன். எங்கள் பக்கத்தில் 'கிருபையால' என்பது 'ம்' கொட்டுகிற மாதிரிதான், யோசிக்காமல் வாயில் வரும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அந்த முகம் கழன்று விழும். பிறகு சின்ன விஷயத்துக்கெல்லாம் அவர் மேல் பாய்வேன். டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டார் என்பதற்காக டம்ளரைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்திருக்கிறேன். எறிந்த டம்ளர் நெளிந்து இன்னும் வீட்டில் கிடக்கிறது.

நடிப்புக்குக் கூலி 2019 மார்ச்சில் கிடைத்தது. வெளியூரிலிருந்து வந்து வீடு வீடாக ஜெபித்துக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். தலையில் கைவைத்து உருக்கமாக ஜெபித்தார். அது நன்றாகத்தான் இருந்தது. போகும்போது, "சுகமாயிற்று என்று விசுவாசித்த பிறகு மிஷினுக்குப் போவது அவிசுவாசம்" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தனை நாள் பெரிய விசுவாசக்காரி வேஷம் போட்டவள் எப்படிச் சொல்வேன்? சனிக்கிழமை டயாலிசிஸுக்குப் போகவில்லை. திங்கள் இரவு இரண்டு மணிக்கு அவருக்குப் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கியது, இருமினால் நுரை வந்தது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆம்புலன்ஸில் நான் ஜெபிக்கவில்லை. "தப்பு பண்ணிட்டேன், தப்பு பண்ணிட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டு போனேன். அவசரமாக மிஷினில் போட்டு மூன்றரை லிட்டர் எடுத்தார்கள். பிழைத்தார்.

ஏசாயா தீர்க்கதரிசி எசேக்கியா ராஜா பிழைப்பான் என்று கர்த்தருடைய வார்த்தையைச் சொன்ன கையோடு, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின் மேல் போடச் சொன்னார். பவுல் தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொல்லி எழுதினார், லூக்காவைப் 'பிரியமான வைத்தியன்' என்றார். அவிசுவாசம் என்று அவர்களை யாரும் சொன்னதில்லை. மருந்தை நிறுத்தச் சொல்லுகிற ஜெபத்துக்கு 'ஆமென்' சொல்லாதீர்கள். யார் வந்து சொன்னாலும் சரி.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்தில் எங்கள் சபை ஐயர் வீட்டுக்கு வந்தார். (எங்கள் பக்கத்தில் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) நடந்ததைச் சொல்லி அழுதேன். அவர் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. "இந்த வருஷம் வாக்குத்தத்தம் என்னம்மா வந்துச்சு?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பர்ஸைத் துழாவி அட்டையை எடுத்தேன், ரோஜாப்பூ மேல் ஐந்து ரூபாய்க் காசு தேய்ந்த கறை. வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இது பாதி வசனம். வேதாகமத்தை எடுங்க, முழுசா சத்தமா வாசிங்க" என்றார்.

வாசித்தேன். "நீங்கள் போய்க் கொழுமையானதைப் புசித்து, மதுரமானதைக் குடித்து, ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்புங்கள்" என்று தொடங்குகிறது. அதற்குப் பிறகுதான் அட்டையில் இருந்த வரி. நாற்பது வருடம் வேதம் வாசித்தவள், பண்டிகைச் சோற்று வாசம் அடிக்கிற இந்த முன்பாதியை ஒருநாளும் கவனித்ததில்லை.

'மதுரமானதைக் குடித்து' என்ற இடத்தில் அவர் கட்டிலிலிருந்தபடியே கேட்டார்: "ஐயா, எனக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 800 மில்லிதான். இதுல மதுரமானது எத்தனை மில்லி?"

ஐயர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஐந்தாறு மாதத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. இன்னும் நினைவிருக்கிறது, சிரித்ததும் எனக்கு வயிறு பசித்தது.

எருசலேமின் மதிலை அந்த ஜனங்கள் 52 நாளில் கட்டி முடித்த கதையை ஐயர் சொன்னார். மதில் முடிந்த சூட்டோடு தண்ணீர் வாசலுக்கு முன்னால் கூடி, எஸ்றா காலையிலிருந்து நடுப்பகல் வரைக்கும் நியாயப்பிரமாணத்தை வாசிக்கக் கேட்டு, எல்லோரும் அழுகிறார்கள். அப்போதுதான் நெகேமியா இதைச் சொல்கிறான். பெலன் என்று நாம் வாசிக்கிற இடத்தில் எபிரெயத்தில் 'மாவோஸ்' என்ற சொல் இருக்கிறதாம். அதற்கு அரண், கோட்டை என்று பொருள். "பாருங்க, இப்பதான் கல்லுக் கோட்டை கட்டி முடிச்சவன் அவன். அவனே சொல்றான், உங்க கோட்டை இது இல்ல, அதுன்னு" என்றார் ஐயர்.

அவர் போன பிறகு அதிகாரத்தை மிச்சமும் வாசித்தேன். இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஜனங்கள் புசிக்கப் போனார்கள், குடிக்கப் போனார்கள், பங்குகளை அனுப்பப் போனார்கள், சந்தோஷம் கொண்டாடப் போனார்கள். சந்தோஷம் கடைசியில்தான் வருகிறது. முதலில் சந்தோஷப்படு, பிறகு சமை என்று நெகேமியா சொல்லவில்லை. நான் ஆறு மாதமாக உள்ளே சந்தோஷம் சுரக்கிறதா என்று கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அங்கே வறண்டுதான் கிடந்தது. ஆனால் இவன் சொல்வது அடுப்படி வேலை. அடுப்படி வேலை எனக்குத் தெரியும்.

இரண்டாவது, அழுகையை அவன் ஒழித்துக் கட்டவில்லை. ஒன்பதாம் அதிகாரத்தில், அதே மாதம் 24ஆம் தேதி, ஜனங்கள் உபவாசம் இருந்து இரட்டு உடுத்தி அறிக்கை செய்கிறார்கள். அழுகைக்கு என்று தனியாக ஒரு நாள். அன்றிலிருந்து நானும் என் அழுகைக்கு ஒரு நாள் வைத்தேன்: புதன்கிழமை மதியம், பள்ளிக்கூடத்துப் பாத்திரமெல்லாம் கழுவி முடித்த பிறகு, ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து. 88ஆம் சங்கீதத்தை வாசிப்பேன். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு நம்பிக்கை வரி வரும். அதில் அதுவும் கிடையாது, இருட்டிலேயே முடிகிறது. அப்படியும் ஒரு சங்கீதத்தை ஆண்டவர் வேதத்தில் வைத்திருக்கிறாரே என்று எனக்கு ஒரு ஆறுதல். அரை மணி அழுதுவிட்டு முகம் கழுவி வந்தால், மற்ற நாளில் டம்ளர் பறப்பது நின்றது. துக்கத்தில் இருப்பவர்களுக்கு இதைத் தைரியமாகச் சொல்வேன்: அழுகையை அடக்காதீர்கள், அதற்கு ஒரு இடமும் நேரமும் கொடுங்கள்.

கிருபை விஷயத்தில் எனக்கும் ஆண்டவருக்கும் ஒரு சண்டை பாக்கி இருந்தது. பவுல் தன் உடம்பில் இருந்த 'முள்ளை', அதாவது விடாத ஒரு வேதனையை, எடுக்கச் சொல்லி மூன்று தரம் வேண்டிக்கொண்டபோது "என் கிருபை உனக்குப்போதும்" என்று பதில் வந்ததே, அந்தப் 'போதும்' எனக்குப் பிடிக்கவில்லை. பந்தியில் 'போதும்' சொல்ல வேண்டியது சாப்பிடுகிறவர். இலை மேல் கையை மறித்து அவர்தான் சொல்வார். கரண்டி பிடித்தவர் 'உனக்குப் போதும்' என்று சொன்னால் அதற்குப் பெயர் அவமானம். இருபது வருடம் பிள்ளைகளுக்குப் பரிமாறியவள் நான், ஒரு பிள்ளையிடம்கூட அந்த வார்த்தை சொன்னதில்லை.

அதோடு என்னிடம் ஒரு கணக்கும் இருந்தது. எத்தனை லெந்து நாள் (தவக்கால) உபவாசம், எத்தனை வருடம் பிடியரிசி எடுத்து வைத்தேன், எத்தனை வீட்டு ஜெபத்துக்கு நடந்தேன். பிடியரிசி என்றால், உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைக் காணிக்கைக்கு என்று தனிப் பானையில் போடுவது. இவ்வளவு போட்ட வீட்டுக்கு இது வரலாமா என்று கேட்டேன்.

பதில் பள்ளிக்கூட ஸ்டோரில் கிடைத்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். பிள்ளை ஒன்றுக்கு 100 கிராம் அரிசி, முட்டை ஒன்று. நல்ல மார்க் வாங்கிய பிள்ளைக்கு இரண்டு முட்டை கிடையாது, பரீட்சையில் முட்டை வாங்கிய பிள்ளைக்கு முட்டை இல்லாமலும் போகாது. வருகைப் பதிவில் பெயர் இருந்தால் தட்டில் சோறு. எந்தப் பிள்ளையாவது, 'நான் நேற்று வகுப்பைக் கூட்டினேன், அதனால் இந்தச் சோறு' என்று சொன்னால் நமக்கு எப்படியிருக்கும்? நான் ஆண்டவரிடம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்புறம், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஆண்டவர் கொடுத்த ஆகாரமான மன்னா. தலைக்கு ஒரு ஓமர் அளவு. அதிகமாய்ச் சேர்த்தவனுக்கு மீதமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவில்லை. நாளைக்கு என்று எடுத்து வைத்தால் புழுத்தது, ஓய்வுநாளுக்கு என்று வைத்தது மட்டும் கெடவில்லை. அந்த 'போதும்' அவமானம் இல்லை, அது அளவு என்று மெதுவாகப் புரிந்தது. வியாழக்கிழமைக்கான பலம் செவ்வாய்க்கிழமை வரவே வராது. வியாழன் காலை எழுந்திருக்கும்போது வரும். ஆறு வருடத்தில் ஒரு வியாழனும் தப்பியதில்லை.

பங்கு முதலில் எனக்குத்தான் வந்தது. அதுவும் நினைக்காத இடத்திலிருந்து. என் நாத்தனார் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். ஒரு பாகப்பிரிவினையில் கிணற்றுப் பங்கு விஷயமாகப் பேச்சு நின்று நாலு வருடம். எதிரெதிரே வந்தால் அவர் வேலியைப் பார்ப்பார், நான் போனைப் பார்ப்பேன். 2019 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது திண்ணையில் ஒரு தூக்குவாளியும் எவர்சில்வர் டப்பாவும் இருந்தன. அவருடைய மகன் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வாளியில் சோறு. டப்பாவில் புடலங்காய்ப் பொரியல்.

ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். உப்பு இல்லை. காய் ரொம்பக் குழைந்திருந்தது. ஒரு நிமிடம் கழித்துத்தான் புத்திக்கு எட்டியது. சிறுநீரகக்காரர்களுக்குக் காயைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். காயில் இருக்கிற பொட்டாசியம் அப்படித்தான் குறையும். ரத்தத்தில் அது ரொம்பக் கூடினால் இதயமே நின்றுபோகலாம். இளநீர், வாழைப்பழம் எல்லாம் அதனால்தான் ஆகாது. கருவாடும் ஊறுகாயும் உப்புக்காக ஆகாது. இதையெல்லாம் என் நாத்தனார் யாரிடமோ போய்க் கேட்டிருக்கிறார். கேட்டு, காயை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, உப்பில்லாமல் தாளித்து, என்னோடு பேசாமலேயே அனுப்பியிருக்கிறார்.

பவுல் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு "கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்று எழுதினாரே, அதற்கு இரண்டு வசனம் முன்னால் யார் வருகிறார்கள் தெரியுமா? எயோதியாளும் சிந்திகேயாளும். சபையில் மனம் ஒத்துப்போகாத இரண்டு பெண்கள். ஒரே சிந்தையாயிருங்கள் என்று அந்த இரண்டு பேருக்கும் பெயர் சொல்லிப் புத்தி சொல்லிவிட்டுத்தான் சந்தோஷத்துக்கு வருகிறார். தூக்குவாளியைக் கழுவி, வெறும் வாளியாகத் திருப்பித் தரக்கூடாது என்று கொஞ்சம் முருங்கைக்கீரை போட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "உப்பு பத்தல மைனி" என்றேன். "அவனுக்குத்தான உப்பு கூடாது, உனக்குத் தனியா போட்டுக்கிட வேண்டியதுதான" என்றார். கிணற்றுப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. ஆனால் வியாழக்கிழமை டயாலிசிஸுக்கு அவரைக் கூட்டிப் போவது இன்றுவரை நாத்தனார் மகன்தான்.

அந்த வியாழக்கிழமையும் தானாக அமையவில்லை. நான் வாய்விட்டுக் கேட்டேன். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று ஊரே சொல்லும். அதற்கு "ஜெபிச்சுக்கோங்க" என்று பதில் சொல்லிப் பழகியிருந்தேன். பிறகு மாற்றிக்கொண்டேன். "ஜெபிச்சுக்கோங்க, அப்புறம் வர்ற வியாழக்கிழமை அஞ்சு மணி பஸ்ஸுக்கு இவரைக் கூட்டிட்டுப் போக முடியுமா?" கிழமையும் நேரமும் சேர்த்துக் கேட்டால் பாதிப் பேர் சரி என்கிறார்கள். மீதிப் பாதியை நான் மன்னித்துவிட்டேன், ஒரு ஆள் நீங்கலாக.

நானும் பங்கு அனுப்பத் தொடங்கினேன். செவ்வாய்க்கிழமை விடியுமுன் இட்லி அவிக்கும்போது ஒரு ஈடு கூட. டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கிறவர்கள் பலரும் எங்களைப்போல விடியுமுன்பே கிளம்பி வந்தவர்கள். கையில் காசு இருந்தாலும் எழுந்துபோய்ச் சாப்பிட மனசு வராமல் உட்கார்ந்திருப்பார்கள். பன்னிரண்டு இட்லி, உப்பில்லாத மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய். பொட்டலத்தைப் பிரித்து "சாப்பிடுங்க" என்று சொன்னதும் அந்தப் பெஞ்சே மாறிவிடும். யார் எந்த ஊர், எந்தக் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துப் போடுவது), எந்த சிஸ்டர் ஊசி குத்தினால் வலிக்காது என்று பேச்சு கிளம்பும். ஒரு பாய் வீட்டம்மா அடுத்த தடவை பேரீச்சம்பழம் கொண்டுவந்தார், நோயாளிகளுக்கு ஆகாது என்று நாங்களே தின்றோம். நாலு மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், நாலு மணி நேரம் போதவில்லை என்று எழுந்து வர ஆரம்பித்தேன். என் பெலன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அந்தப் பெஞ்சைத்தான் காட்டுவேன். அதைக் கிருபை என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

இன்னொன்று அவருடைய நோட்டு. டயாலிசிஸுக்கு முன் எடை, பின் எடை, ரத்த அழுத்தம் என்று மூன்று கட்டம் போட்டு, கண்டக்டர் கையெழுத்தில் அவரே எழுதுவார். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் எடை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. அதனால் காலையில் 800 மில்லியை ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுவேன். ரசம், மோர், காப்பி எதைக் குடித்தாலும் அந்த அளவுக்குப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவோம். தாகத்துக்கு ஐஸ் கட்டி, வாய் கொப்பளித்துத் துப்புவது, உப்பைக் குறைப்பது. உப்பு குறைந்தாலே பாதித் தாகம் போய்விடும். இதெல்லாம் மூன்று கட்டத்துக்கான பாடு. ஒருநாள் நான் ஸ்கேல் வைத்து நாலாவது கட்டம் போட்டேன். மேலே தலைப்பு எழுதவில்லை. அன்றைக்குப் பங்காக வந்தது எதுவோ, அதை எழுத வேண்டும். பெரிய ஸ்தோத்திரமெல்லாம் வேண்டாம், நடந்தது மட்டும். முதல் பதிவு அவர் எழுதினார்: 'ஊசி ஒரே குத்தில் கிடைத்தது.' அடுத்து: 'பஸ்ஸில் ஜன்னல் சீட்.' ஒரு நாள் வெறும் கோடு. கோடு போடுகிற நாளும் உண்டு. இல்லாததை எழுதக்கூடாது என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

2019இல் எங்கள் ஊர் அசனப் பண்டிகை. ஊருக்கே கறிச்சோறு. தேங்காய், கோழி, பூசணி என்று வருகிற காணிக்கைகளை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். பதினைந்து வருடமாக ஏலம் கூறுவது அவர்தான். பஸ்ஸில் கூவிய தொண்டை, மைக் தேவைப்படாது. அந்த வருடம் அவர் வர மாட்டேன் என்றார். நின்றால் மூச்சு வாங்கும், கூவ முடியாது. சபை இளைஞர்கள் பேசாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்ப் புங்கமரத்தடியில் போட்டு, மைக்கை நாற்காலி உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டு வந்து கூப்பிட்டார்கள்.

உட்கார்ந்தபடியே ஒரு பூசணிக்காயை எடுத்தார். நூறு ரூபாயில் தொடங்கியது. "ஒரு தரம்..." என்று சொல்லி நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்வார். அவர் நிறுத்துகிற இடைவெளியில் இன்னொருவர் விலையைக் கூட்டிவிடுவார். அவர் 'மூணு தரம்' சொல்லவே முடியவில்லை. கூட்டம் சிரிக்கிறது, அவர் சிரித்துச் சிரித்து இன்னும் மூச்சு வாங்குகிறார், விலை ஏறுகிறது. பூசணிக்காய் 1,350 ரூபாய்க்குப் போனது. என் நாத்தனார்தான் எடுத்தார். அன்றைக்கு என் கணவர் தான் குடிக்க வேண்டிய தண்ணீரில் 150 மில்லியைக் காலையிலிருந்து மிச்சம் பிடித்து வைத்திருந்தார். பந்தி முடிந்ததும் அதற்கு ஈடாக ஒரு டம்ளர் சீனிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். கருப்பட்டி அவருக்கு ஆகாது. "சீனிக் காப்பியெல்லாம் ஒரு காப்பியாட்டி" என்று சொல்லிக்கொண்டே கடைசிச் சொட்டு வரை குடித்தார். மதுரமானது, 150 மில்லி.

இதற்குப் பிறகு எல்லாம் ஏறுமுகம் என்று நினைத்துவிடாதீர்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கோயில் பூட்டியது, பஸ் நின்றது, சிறுநீரகத்துக்கு ஊரடங்கு தெரியாது. வாடகைக் காருக்கு ஒவ்வொரு தடவையும் தேடி அலைந்தோம். செக்போஸ்ட்டில் அந்த நோட்டைத்தான் காட்டினோம். ஒரு போலீஸ்காரர் புரட்டிப் பார்த்து, நாலாவது கட்டத்தில் கண் நின்று, ஒன்றும் சொல்லாமல் விட்டார். ஏப்ரல் 12, ஈஸ்டர். வழக்கமாக விடியுமுன் ஊரே கோயிலுக்கு நடக்கும். அன்றைக்கு அவரவர் வீட்டுத் திண்ணையிலிருந்து பாடினோம். ஒரு வீட்டில் தொடங்கினால் நாலு வீடு தள்ளிப் பிடித்துக்கொள்வார்கள், தாளம் கொஞ்சம் பிந்தி வரும்.

2021 ஜனவரியில் எங்கள் பக்கத்துக் கட்டில் தம்பி இறந்துபோனான். 26 வயது. என் இட்லிக்கு "அம்மா, இன்னைக்கு கல்லு" என்று பட்டப்பெயர் வைத்தவன். அன்றைக்கு நோட்டில் கோடுதான். அடுத்த மூன்று தடவையும் கோடு. ஐயரிடம் போய், "இதுலயும் மகிழ்ச்சியா இருக்கணுமா?" என்று கேட்டேன். "இன்னைக்கு 24ஆம் தேதின்னு வச்சுக்கோங்கம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது போதுமாயிருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை இட்லியைக் கொண்டுபோகப் பிடிக்கவில்லை. ஆனாலும் கை பழக்கத்தில் ஒரு ஈடு கூட அவித்திருந்தேன். அந்தத் தம்பியின் அம்மா ஏதோ காகிதம் வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

வேறு யாருக்காவது டயாலிசிஸ் தொடங்கியிருந்தால் இன்னும் ஒன்று: ஃபிஸ்டுலா போட்ட கையில் தினமும் காலை விரலை வைத்துப் பாருங்கள். பூனை உறுமுகிற மாதிரி விர்ரென்று அதிரும். அதிர்வு நின்றிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ ஊசி போடவோ விடாதீர்கள், பாரமும் தூக்க வேண்டாம். நான் காலை ஜெபத்துக்கு முன்பு அவர் கையைத் தொட்டுப் பார்ப்பேன். சில நாள் ஜெபமே அந்தத் தொடுதலோடு முடிந்துவிடும். அவசர நாள் என்றால் ஆண்டவர் பொறுத்துக்கொள்வார்.

இதை 2025இல், ஒரு செவ்வாய்க்கிழமை, அதே பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதினேன். ரோஜாப்பூ அட்டை இப்போது நோட்டின் உறைக்குள் இருக்கிறது. உள்ளே மிஷின் பீப் பீப் என்றது, நாலு மணி நேரம் முடிந்தது. ஊசி எடுத்த இடத்தைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார். எடை பார்த்தோம், அழுத்தம் பார்த்தோம், மூன்று கட்டத்தையும் எழுதினேன்.

"நாலாவதுல என்ன போட?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "இட்லி இன்னைக்கும் கல்லுன்னு போடு" என்றார்.